‘என்ன பண்ணாலும் எதுவும் மாறாது’ என்கிறாள் மகள்; நான் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒரு தந்தை எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 14 வயது. நன்றாகப் படிக்கிற பெண். சென்ற தேர்வில் கணக்கில் 100-க்கு 41 வாங்கினாள். அதற்கு முன் 75-க்குக் கீழே இறங்கியதில்லை. அதே மாதத்தில் அவளுடைய மூன்று தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சே மாறிவிட்டது. “நான் எதுக்கும் லாயக்கில்லை”, “யாருக்கும் என்னைப் பிடிக்கல”, “என்ன பண்ணாலும் எதுவும் மாறாது” என்கிறாள். இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறாள். தந்தை தன்னாலானதைச் செய்திருக்கிறார். “பாசிட்டிவா யோசி” என்று சொல்லியிருக்கிறார். கணக்கு ஆசிரியரிடம் பேசியிருக்கிறார். ஒரு தோழியின் அம்மாவுக்கும் போன் செய்திருக்கிறார். அது தெரிந்த நாளிலிருந்து மகள் அவரிடம் எதையும் சொல்வதில்லை. பதின்வயதினருக்குப் பிரச்சினைகளைத் தீர்க்கும் திறனைக் கற்றுக்கொடுத்தால் இப்படிப்பட்ட எண்ணங்கள் குறையும் என்று எங்கோ படித்து, ஒரு நோட்டில் படிப்படியாகக் கட்டம் போட்டு “தினமும் இதை நிரப்பு” என்று கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் அவள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டாள். “வயசுக் கோளாறு, கண்டுக்காம விடுங்க” என்கிறார் மனைவி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: “ஒருநாள் சண்டையில் ‘நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்றாள். கோபத்தில் சொன்னது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே மனதில் போட்டுவிடுவேனோ என்று கேட்கவில்லை.”

அன்புள்ள தந்தைக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த ஒரு வரி

அவள் கோபத்தில்தான் சொல்லியிருக்கலாம். பதின்வயதில் அப்படிச் சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் கோபத்தில் வந்ததா, உள்ளே பல நாளாகக் கிடந்து கோபத்தின்போது வெளியே வந்ததா என்பதை வெளியிலிருந்து ஊகித்துச் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, கடிதத்தை மட்டும் படித்த என்னாலும் முடியாது. அவளிடம் கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் அநேகமாக எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. அது தவறான பயம். தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எண்ணம் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு, இதை வாய்விட்டுப் பேசலாம், அப்பா உடைந்துபோய்விட மாட்டார் என்பது தெரிவதே பெரிய ஆறுதல்.

இன்றோ நாளையோ, வேறு யாரும் இல்லாதபோது, செல்போனை ஒதுக்கி வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேளுங்கள். “அன்னிக்கு நீ ‘நான் இல்லன்னா நிம்மதி’ன்னு சொன்னது என் மனசுலயே இருக்கு. செத்துப்போயிடலாம்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்காம்மா?” கேட்டபின் நீங்கள் பேசாதீர்கள். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருங்கள்.

“தோணியிருக்கு” என்றால், “எங்களை நினைச்சுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே தன்னைச் சுமையாக நினைக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு. “சொன்னதுக்கு நன்றிம்மா, இனி இதை நீ தனியா சுமக்க வேண்டாம்” என்பது போதும். எப்படி என்று யோசித்திருக்கிறாளா, தன்னைக் காயப்படுத்திக்கொண்டதுண்டா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டில் எதற்காவது “ஆமாம்” என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிக்கொல்லி, கூர்மையான பொருள்களைக் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

“இல்லப்பா, சும்மா கோவத்துல சொன்னேன்” என்றால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். அப்போதும் ஒரு தடவை நிபுணரைப் பார்ப்பதுதான் சரி என்பேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் நினைத்தவற்றில் எது சரி, எது தவறு

உங்கள் மனைவி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் உணர்ச்சிகள் வேகமாக எழும்; நிதானித்து யோசிக்கவும் திட்டமிடவும் உதவுகிற மூளையின் முன்பகுதி முழு முதிர்ச்சி அடைய இருபது வயது தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். தூக்கம் வருகிற நேரமும் இயல்பாகவே தள்ளிப்போகும். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், சோர்வாகவோ எரிச்சலாகவோ இருப்பதும், பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போய்விடுவதும் வயசுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடியவை அல்ல. பதின்வயதினரிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். அதனாலேயே வீட்டில் அது “திமிர்” என்று பெயர் வாங்கிவிடுகிறது.

நீங்கள் படித்ததும் சரிதான். பிரச்சினைகளைத் தீர்க்கும் திறனைப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்கலாம். தாமஸ் டிசுரில்லா, மார்வின் கோல்ட்ஃப்ரைட் என்ற இரு உளவியலாளர்கள் 1971-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை முறையாக வகுத்தார்கள். இன்று மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் அதுவும் ஒன்று; பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கப்பட்ட வடிவங்களும் உண்டு.

ஆனால் “பாசிட்டிவா யோசி” என்பது அந்தப் பயிற்சியில் எங்கும் கிடையாது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களின் எண்ணங்களைக் கூர்ந்து கவனித்தபோது, தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று திசையிலும் இருட்டான முடிவுகள் தாமாகவே மனதில் வந்து விழுவதைக் கண்டார். உங்கள் மகளின் மூன்று வாக்கியங்களை இன்னொரு முறை படியுங்கள். “நான் லாயக்கில்லை”, “யாருக்கும் பிடிக்கல”, “எதுவும் மாறாது.” அதே மூன்று திசைகள். பெக் உருவாக்கிய சிகிச்சை, இந்த முடிவுகள் எவ்வளவு தூரம் உண்மை என்று அந்த நபரையே சோதித்துப் பார்க்க வைப்பது. இருட்டான வாக்கியத்தின் மேல் வெளிச்சமான வாக்கியத்தை ஒட்டுவது அந்தச் சிகிச்சையில் இல்லை. அவள் “யாருக்கும் என்னைப் பிடிக்கல” என்று சொல்ல, நீங்கள் “எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கும்” என்று சொன்னால், அவள் தன் கட்சிக்கு ஆதாரம் தேட ஆரம்பிப்பாள். பத்து நிமிடத்தில் வழக்காடி ஜெயித்தும் விடுவாள். ஏனென்றால் அவள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அந்த மூவரும் இப்போது அவளை வேண்டாம் என்று நினைக்கலாம். 41 உண்மையிலேயே 41தான். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்கிறவரிடம் யாரும் யோசனை கேட்க மாட்டார்கள்.

அந்த நோட்டு ஏன் கிழிந்தது

நீங்கள் கட்டம் போட்ட நோட்டில் “பிரச்சினை என்ன, வழிகள் என்ன, சிறந்த வழி எது, முடிவு என்ன” என்று நான்கு தலைப்பு வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன 1971 கட்டுரையில் ஐந்து படிகள். உங்கள் நோட்டில் இல்லாதது முதல் படி. பிரச்சினையை எந்த மனதோடு பார்க்கிறோம் என்பதுதான் அது. பிரச்சினை வருவது வாழ்க்கையில் சகஜம், அது வந்ததால் நான் மட்டமானவள் ஆகிவிடவில்லை, முயன்றால் கொஞ்சமாவது அசைக்க முடியும் என்ற நம்பிக்கை. இந்தப் படி இல்லாமல் மற்ற நான்கையும் நீட்டினால், அந்த நோட்டே “என் குறைகளின் பட்டியல்” ஆகிவிடும். அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அவள் கிழித்தது அடங்காமை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மனநிலையைப் பிரசங்கம் செய்து வரவழைக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் தங்கள் பிரச்சினைகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த இரண்டு வாரம் மகளுக்கு எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். உங்கள் பிரச்சினைகளை வாய்விட்டு யோசியுங்கள். அவள் காதில் விழட்டும், போதும். “மேனேஜர் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டாரு. கொஞ்ச நேரம் வேலையே ஓடல. இப்ப யோசிச்சா, நாளைக்கு அந்த ரிப்போர்ட்டை எப்படி முடிக்கிறதுங்கிறதுதான் என் கையில இருக்கு. ராத்திரியே உட்காரலாம், இல்ல காலைல சீக்கிரம் போகலாம், இல்ல ஒருநாள் டைம் கேக்கலாம். டைம் கேட்டுப் பார்க்கிறேன்.” மறுநாள் சாப்பிடும்போது, “கேட்டேன், தரல. வேற வழி பார்க்கணும்” என்றும் சொல்லுங்கள். முதல் வழி பலிக்காமல் போனதைச் சொல்வது மிக முக்கியம். தோற்றுப்போன முயற்சிக்குப் பிறகும் ஒரு மனிதர் இயல்பாகச் சாப்பிடுகிறார், இன்னொரு வழி யோசிக்கிறார் என்பதை அவள் பார்க்க வேண்டும்.

தோழியின் அம்மாவுக்கு நீங்கள் செய்த போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாசத்தில் செய்தீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் காதில் அது, “இதை உன்னால் சமாளிக்க முடியாது என்று அப்பாவும் நினைக்கிறார்” என்றுதான் விழுந்திருக்கும். அவளைக் கேட்காமல் அவள் விஷயத்தை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனது அவளுடைய அந்தரங்கத்தை மீறியதும்கூட. ஒரு மன்னிப்பு இங்கே நிறைய வேலை செய்யும். “உன்னைக் கேக்காம போன் பண்ணது தப்பு. இனிமே உன் விஷயத்துல யார்கிட்ட பேசுறதா இருந்தாலும் முதல்ல உன்கிட்ட சொல்வேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் காத்திருக்க மாட்டேன்.” அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்போதுதான் வாக்கு நேர்மையாக இருக்கும்.

பெரிய வாக்கியத்தைச் சின்னக் கேள்வி ஆக்குவது

அவள் மறுபடி பேசத் தொடங்கியபின் உங்களுக்குத் தேவைப்படப் போவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனச்சோர்வில் இருப்பவர்களின் நினைவு ஒரு விதமாக மங்கிவிடும். என்ன நடந்தது என்று கேட்டால், குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லாமல் “எப்பவுமே இப்படித்தான்” என்பார்கள். மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். நினைவு இப்படிப் பொத்தாம்பொதுவாக இருப்பவர்களுக்குப் பிரச்சினையைத் தீர்க்கும் வழிகளும் தோன்றுவது குறைவு என்பது அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. யோசித்துப் பார்த்தால் இது இயல்புதான். “யாருக்கும் என்னைப் பிடிக்கல” என்பதற்கு யாரால் என்ன வழி சொல்ல முடியும்? அதில் கைவைக்க இடமே இல்லை.

ஆகவே அந்த வாக்கியத்தை மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அதை ஒரு நாளுக்கும் ஓர் இடத்துக்கும் இறக்கிக் கொண்டுவாருங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

“யாருக்கும் என்னைப் பிடிக்கலப்பா.”

“ரொம்ப வலிக்கும்தான். இன்னிக்கு ஏதாவது நடந்துச்சா?”

“எப்பவுமே நடக்குறதுதான்.”

“கடைசியா எப்ப?”

“செவ்வாய்க்கிழமை. இன்டர்வெல்ல நான் போனதும் மூணு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க.”

“அப்புறம் நீ என்ன பண்ணே?”

“பாத்ரூம்ல போய் நின்னேன். பெல் அடிக்கிற வரைக்கும்.”

இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். உடனே ஒரு தீர்வு சொல்லிவிடத் துடிப்பீர்கள். சொல்லாதீர்கள். “பெல் அடிக்கிற வரைக்கும் தனியா நின்னியா?” என்று நடந்ததை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும். அடங்கிய பிறகு, அன்றைக்கே கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை, “இதுல உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எது?” என்று கேளுங்கள். தோழிகளை இழந்தது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்ப்பீர்கள். “இன்டர்வெல்ல எங்க நிக்கிறதுன்னே தெரியலப்பா” என்று சொல்லக்கூடும். இப்போது உங்களுக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது, ஓர் இடம் கிடைத்திருக்கிறது, பதில் தேடக்கூடிய ஒரு கேள்வியும் கிடைத்திருக்கிறது: நாளை இடைவேளையில் நான் எங்கே, யாரோடு இருக்கப்போகிறேன்?

எந்தக் கேள்வியோடு தொடங்குகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. “ஏன் எனக்கு மட்டும் இப்படி?” என்ற கேள்வி பெரும்பாலும் வட்டமடிக்கும். சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர், கவலையை இப்படி மனதுக்குள் அசைபோடுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சோர்வான மனநிலையில் தன்னையே பற்றி அசைபோட வைக்கப்பட்டவர்களை, சில நிமிடம் வேறு விஷயத்தில் கவனம் திருப்பப்பட்டவர்களோடு அவரும் சக உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கியும் ஒப்பிட்டார்கள். 1995-ல் வெளியான அந்த ஆய்வில், அசைபோட்டவர்களுக்கு மற்றவர்களோடான சிக்கல்களுக்குத் தோன்றிய தீர்வுகள் தரம் குறைந்தவையாக இருந்தன. நீண்ட நேரம் யோசித்தால் தெளிவு வரும் என்று நாம் நம்புகிறோம். சோர்வான மனதுக்கு அது பொருந்தாது. அதனால் இரவு பதினொரு மணிக்கு எந்தப் பிரச்சினையையும் எடுக்காதீர்கள். “இது முக்கியமான விஷயம், நாளைக்குச் சாயங்காலம் நடந்துகிட்டே பேசலாம்” என்று தள்ளிவைப்பது தட்டிக்கழிப்பது ஆகாது. நாளை மறக்காமல் பேச வேண்டும், அவ்வளவுதான். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒரு மணி வரை விழித்திருக்கும் பெண்ணுக்கு எந்தத் திறனைக் கற்றுக்கொடுத்தாலும் பாதிதான் ஏறும்.

வழிகளை அவள் சொல்லட்டும்

கேள்வி கிடைத்தபின் வழிகளைத் தேடும்போது ஒரே விதி: தேடி முடிக்கும் வரை எதையும் நல்லது கெட்டது என்று சொல்லக் கூடாது. “ஸ்கூலை மாத்திடலாம்” என்பாள். எழுதிக்கொள்ளுங்கள். “லைப்ரரிக்குப் போயிடுறேன்.” எழுதிக்கொள்ளுங்கள். “அவளுங்களைப் பழிவாங்கணும்.” அதையும்தான். முதல் இரண்டு மூன்று வழிகள் பெரும்பாலும் கோபத்திலும் பயத்திலும் வருபவை. அவற்றைக் கொட்டிய பிறகுதான் “அந்த மூணு பேர்ல ஒருத்தி அவ்வளவு மோசம் இல்ல, அவகிட்ட தனியா கேக்கலாம்” என்பது போன்றவை வெளியே வரும். முதல் வழியையே நீங்கள் வெட்டிவிட்டால் ஐந்தாவது வழி வரவே வராது. அவள் திணறினால் “நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டு ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு வழிக்கும், செய்தால் நாளைக்கு என்ன ஆகும், ஒரு மாதம் கழித்து என்ன ஆகும் என்று அவளையே யோசிக்க விடுங்கள். நூலகத்துக்குப் போவது நாளைக்கு நிம்மதி. ஒரு மாதம் கழித்து யாரையும் தெரியாமல் போகலாம். தனியாகப் பேசுவது நாளைக்குப் பயம். பதில் எதுவானாலும் இந்தத் தவிப்பு முடியும். தேர்வு அவளுடையது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய வழியை அவள் தேர்ந்தெடுக்காமல் போகலாம். அதனால் ஆபத்து இல்லையென்றால், நாக்கைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இங்கேதான் பெற்றோருக்கு மிகவும் கஷ்டம். ஆனால் அவளே தேர்ந்தெடுத்து, அதில் கொஞ்சமாவது ஏதாவது நகர்ந்ததைப் பார்த்தால்தான் “எதுவும் மாறாது” என்ற எண்ணம் ஆட்டம் காணும்.

தேர்ந்தெடுத்ததை எப்போது, எங்கே என்று கட்டிப்போடுவதும் உதவும். “நல்லா பேசிப் பார்ப்பேன்” என்பது காற்றோடு போய்விடும். “வியாழக்கிழமை வேன்ல அவ பக்கத்துல இடம் கிடைச்சா, ‘என் மேல என்ன கோவம்’னு கேப்பேன்” என்பது நிற்கும். “இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. வியாழன் மாலை, “என்ன ஆச்சு?” என்று ஒரு தடவை கேளுங்கள். பலிக்காவிட்டால் பட்டியலில் இன்னும் வழிகள் இருக்கின்றன.

கணக்கு மதிப்பெண்ணும் இப்படித்தான். “எனக்குக் கணக்கு வராது” என்பதோடு மல்லுக்கட்டாதீர்கள். அவள் சம்மதித்தால் அந்த விடைத்தாளை எடுத்து, போன 59 மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: எப்படிச் செய்வது என்றே தெரியாதவை, தெரிந்தும் கவனக்குறைவில் விட்டவை, நேரம் போதாமல் தொடாதவை. மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். முதலாவதற்கு அந்தப் பாடத்தை மறுபடி யாராவது சொல்லித்தர வேண்டும். இரண்டாவதற்கு எந்தப் படியில் தவறுகிறாள் என்று பார்க்க வேண்டும். மூன்றாவதற்குக் கேள்விகளை எந்த வரிசையில் எடுப்பது என்று பழக வேண்டும். பிரித்துப் பார்த்தபின் பெரும்பகுதி ஒரே பாடத்தில் போயிருப்பது தெரியவந்தால், “நான் லாயக்கில்லை” என்பதன் இடத்தில் “இந்தப் பாடம் எனக்குப் புரியவில்லை” என்பது வந்து உட்காரும். அதை நீங்கள் சொன்னால் நம்ப மாட்டாள். அவள் கையால் பிரித்து அவளே பார்க்க வேண்டும்.

அவள் தலையில் வைக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் இந்த முறையில் தீர்க்க முடியும் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984-லேயே சமாளிப்பதை இரண்டாகப் பிரித்தார்கள்: மாற்றக்கூடியதை மாற்றுவது ஒன்று, மாற்ற முடியாததால் வரும் வேதனையைத் தாங்கிக்கொள்வது இன்னொன்று. அந்த மூவரும் கடைசிவரை இவளைச் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். அதற்குத் தீர்வு கிடையாது, துக்கம்தான் உண்டு. ஒரு சிநேகம் முறிவது உண்மையான இழப்பு. “போனா போகட்டும், வேற பிரெண்டே கிடைக்காதா” என்று அதைச் சிறிதாக்காமல் கூட உட்கார்ந்திருப்பதுதான் அப்போது உங்கள் வேலை.

குழுவிலிருந்து நீக்கியதோடு விஷயம் நின்றதா என்பதையும் மென்மையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரை நோகடிப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் அது கொடுமைப்படுத்தல். இந்த வரையறை நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் தந்தது. கேலிப் படங்கள் பரப்புவது, மிரட்டுவது, அடிப்பது, உடலைத் தொட்டுத் தொந்தரவு செய்வது, அந்தரங்கப் படம் கேட்பது ஆகியவை ஒரு 14 வயதுப் பெண் “திறனை வளர்த்துக்கொண்டு” தீர்க்க வேண்டியவை அல்ல. பெரியவர்கள் இறங்கியே ஆக வேண்டும். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மிரட்டலோ பாலியல் தொந்தரவோ இருந்தால் காவல் துறைக்கும் போக வேண்டும். பள்ளியில் பாதுகாப்பாக இருப்பது அவளுடைய உரிமை. அப்போதும் அவளிடம் சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை அவளுக்கு விளக்கிக்கொண்டே செய்யுங்கள்.

நிபுணரிடம் எப்போது, எப்படி

உங்கள் முன் மூன்று வழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: விட்டுவிடுவது, வீட்டிலேயே முயல்வது, ஆலோசகரிடம் போவது. விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகு அது சரியல்ல. மற்ற இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். தூக்கம் கெட்டிருக்கிறது, மதிப்பெண் திடீரென்று சரிந்திருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்பதை முறையாகப் பார்க்க ஒரு மருத்துவ உளவியலாளரோ மனநல மருத்துவரோ வேண்டும். மனச்சோர்வு இருந்தால் வீட்டுப் பயிற்சி மட்டும் போதாது. இல்லை என்று தெரிந்தால் நீங்கள் பதறாமல் பயிற்சியைத் தொடரலாம். போனாலே மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். லேசான நிலையில் பெரும்பாலும் பேச்சு சிகிச்சையில்தான் தொடங்குவார்கள். மாத்திரை தேவைப்பட்டாலும் காரணத்தையும் பக்கவிளைவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கும் அவளுக்கும் உண்டு.

“உனக்கு ஏதோ ஆயிடுச்சு, டாக்டர்கிட்ட போகணும்” என்று சொல்லாதீர்கள். “கொஞ்ச நாளா நீ தூங்கவே இல்ல, எனக்குக் கவலையா இருக்கு. இதுக்குன்னே படிச்சவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா? பிடிக்கலைன்னா வேற ஒருத்தரைப் பார்க்கலாம்” என்று கேளுங்கள். ஆணா பெண்ணா, எந்த நாள், நீங்கள் உள்ளே வரலாமா வேண்டாமா என்பதையெல்லாம் அவள் முடிவு செய்யட்டும்.

முதல் சந்திப்பில் நீங்கள் ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த வயதினரோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? என்ன முறையில் சிகிச்சை தருவார், எத்தனை சந்திப்புக்குப் பிறகு முன்னேற்றத்தைப் பார்ப்பார்? அவள் சொல்வதில் எதை உங்களிடம் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார்? இந்தக் கடைசிக் கேள்வியை அவள் கூட இருக்கும்போதே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துவது போன்றவை தவிர மற்றதெல்லாம் தனக்குள்ளேயே இருக்கும் என்று நல்ல ஆலோசகர் சொல்வார். அதை நீங்கள் அவள் முன்னாலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் “உள்ள என்ன பேசினீங்க?” என்று கேட்காதீர்கள்.

அந்தச் சந்திப்புக்குத் தேதி கிடைக்கச் சில நாள் ஆகலாம். காத்திருக்கும் நாட்களில் அவள் மறுபடி அதே போல ஏதாவது சொன்னால், தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.